இடியின் காது

அண்ணன் நடிக்கிறான் என்றுதான் அண்ணி முடிவு கட்டியிருந்தாள். அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் பாப்பா வீல் வீலென்று அழுகிறாள், மேல் வீட்டுக்காரர் எழுந்து விளக்குப் போடுகிறார், இவன் மட்டும் மரக்கட்டை மாதிரிப் புரண்டு படுக்கிறான் என்றால் அதற்கு வேறு என்ன பெயர்?

“நடிப்புதான் சின்னு. சுத்தமான நடிப்பு,” என்றாள் அண்ணி, பால் புட்டிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டே. “எந்திரிச்சா பாப்பாவைத் தூக்கணும், தூக்கினா பால் கலக்கணும். அதுக்குப் பயந்து கண்ணை மூடிட்டுக் கிடக்குறது. ஆனா தலகாணிக்கு அடியில போன் அதிர்ந்தா மட்டும் தேள் கொட்டின மாதிரி துள்ளி எந்திரிக்கிறாரே உங்கண்ணன், அது எப்படி?”

அண்ணனுக்கு வக்காலத்து வாங்கி வாங்கிச் சின்னுவுக்கும் அலுத்துப் போயிருந்தது. மூன்று பேரும் பாப்பாவும் இருந்த அந்தச் சின்ன வீட்டில் எல்லாச் சண்டையும் சமையலறைக்குத்தான் வந்து சேரும். சமையலறையை ஒட்டித்தான் சின்னுவின் கட்டில். அதனால் எந்தச் சண்டையில் இருந்தும் அவளுக்கு விடுதலை கிடையாது.

அண்ணனும் தங்கையும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார்கள். பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றின் நிலவறையை உடைத்துக் கட்டிய இரவு விடுதி அது. அவன் அங்கே பாட்டுப் போடுகிறவன். அவள் பாரில் மது ஊற்றிக் கொடுக்கிறவள். அவனாக வைத்துக்கொண்ட நீளமான மேடைப் பெயர் ஒன்று போஸ்டரில் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. வருகிறவர்கள், போகிறவர்கள், வாசலில் நிற்கும் காவல்காரர் எல்லோருக்கும் அவன் ‘இடி’தான். மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்து, நடுவில் நின்றுகொண்டு அவன் முதல் பாட்டைப் போட்டால் பாரில் அடுக்கியிருக்கும் கண்ணாடிக் குவளைகள் தாமாகவே நகரும்.

சின்னு அந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் காதுக்குள் சில்வண்டு கத்தும். தூங்கி எழுந்தால் போய்விடும். ஒருமுறை போகவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை கத்திக்கொண்டே இருந்தது. பயந்துபோய் மருந்துக் கடைக்கு ஓடினாள். கடைக்காரம்மா காதில் வைக்கிற நுரைப்பஞ்சு அடைப்பான் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, எப்படிப் போடுவது என்றும் காட்டிக் கொடுத்தாள். விரலிடுக்கில் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரிகிற வரை விரலை எடுக்காமல் அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து சின்னு அடைப்பான் இல்லாமல் பாருக்குள் கால் வைத்ததில்லை.

அதற்கு அவள் கேட்ட பேச்சு கொஞ்சமா? “நாங்க பேசுறது உனக்கு அவ்வளவு கசக்குதா?” என்று வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளித்தார்கள். உண்மையில் அடைப்பான் போட்ட பிறகுதான் அவர்கள் கேட்கிற மதுவின் பெயர் அவளுக்கு ஒழுங்காகப் பிடிபட்டது. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மேனேஜர் வேறு, “பாக்க நல்லா இல்லம்மா, ஏதோ ஆஸ்பத்திரியில இருந்து வந்த மாதிரி இருக்கு” என்றார். சின்னு முடியை அவிழ்த்துக் காதை மறைத்துக்கொண்டாள். அப்புறம் அவர் கண்ணில் படவில்லை.

அண்ணனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. ஒரு பொட்டலத்தை அவன் பையிலேயே போட்டு வைத்தாள். அது பிரிக்காமலே திரும்பி வந்தது.

“ஏண்டி, சமையல்காரன் மூக்கை அடைச்சிக்கிட்டா சமைப்பான்?” என்று கேட்டான் அவன்.

“அடுப்புக்குள்ள தலையை விட்டும் சமைக்க மாட்டான்!”

அவன் சிரித்துவிட்டுப் போனான். அவன் அந்தப் பதிலைக் கேட்டுத்தான் சிரித்தானா, அல்லது அவள் வாய் அசைந்ததைப் பார்த்துச் சிரித்து வைத்தானா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் விடுதியில் என்னவோ சரியில்லாமல் இருந்தது. சத்தம் எப்போதும் உண்டு. ஆனால் இப்போது அதில் ஒரு முள் இருந்தது. ‘சிக் சிக்’ என்று தட்டும் தாளத் தட்டுகளின் ஓசையும் பாடுகிறவளின் ‘ஸ்’ஸும் ஊசியாகக் குத்தின. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு பாட்டு முடிவதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு முற்றத்துக்குப் போனார்கள். மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்கிற லைட்காரர் ஒருநாள் காதில் கைக்குட்டையைத் திரித்துத் திணித்துக்கொண்டு வந்து நின்றார். “உங்கண்ணன் யார் மேலயோ இருக்குற கோவத்தை எங்க காதுல காட்டுறாரும்மா,” என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னால் அவருக்கு ஒரே பதில்தான். “சத்தம் இருந்தா பேச முடியாது. பேச முடியலைன்னா குடிப்பாங்க. இதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?”

“எனக்குத்தான் கஷ்டம் சார். நான்தானே அங்க நிக்குறேன்,” என்றாள் சின்னு. அவர் அதற்குள் போனில் வேறு யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தார்.

ஒரு பெரிய பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் எல்லோரையும் சீக்கிரமே வரச்சொல்லியிருந்தார்கள். கதவுகள் திறந்திருந்தன. தெருவின் வெயில் படிக்கட்டு வரை விழுந்திருந்தது. விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தால் அந்த இடம் பரிதாபமாக இருக்கும். சுவரில் ஈரம், தரையில் ஒட்டிப்போன பழைய கறை, நாற்காலிகளின் கிழிசல். சின்னு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். லைட்காரர் ஏணியில் இருந்தார். மேனேஜர் வாசலில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் மேடையில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதற்கான மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துவிட்டு, குனிந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் வருகிற கூச்சல். மெல்லிசாக, கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒன்றை ஒரு காதில் விட்டு மறு காதில் இழுப்பது போல. சின்னு கத்தியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். லைட்காரர் ஏணியில் ஆடிப்போய் முழங்கையால் காதை அடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற மேனேஜரும் காதைப் பொத்திக்கொண்டார். தெருவில் போன ஒரு பெண்மணி படிக்கட்டில் எட்டிப்பார்த்துக் காதில் கை வைத்தாள்.

“அண்ணா! மைக்கை அணை! அண்ணா!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். ‘எப்படி?’ என்று கேட்பது போலக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கீச்சென்ற உச்ச ஒலிக்கான குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

கூச்சல் இரண்டு மடங்காயிற்று.

சின்னு கவுண்டரைத் தாவிக் குதித்து ஓடி மேடையேறி மைக்கின் கம்பியைப் பிடுங்கினாள். சட்டென்று அமைதி. ஏணியின் மேலிருந்தும், வாசலில் இருந்தும், படிக்கட்டில் இருந்தும் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோருடைய கையும் காதில் இருந்தது. அவனுடைய சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது.

“என்னாச்சு?” என்றான்.

“உனக்குக் கேக்கலையா?” என்றாள் சின்னு.

“என்ன கேக்கலையா?”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் உடனே ஆரம்பித்துவிட்டானே! மைக் பழசு என்றான். கம்பி சரியில்லை என்றான். மேடையில் நிற்கிறவனுக்குச் சத்தம் பின்னால்தான் போகும், கேட்காது என்றான். லைட்காரர் ஏணியை விட்டு இறங்கிப் போய் மைக்கைச் செருகி, அதே இடத்தில் வைத்துவிட்டு, மேடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கூச்சல் மறுபடி எழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். அண்ணன் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். பிறகு கீழே இறங்கி, படியேறி, வெயிலுக்குள் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சின்னு அண்ணியிடம் விஷயத்தை உடைத்தாள். அண்ணி ஓவென்று அழப்போகிறாள் என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். அண்ணி அழவில்லை.

“ஓகோ. இப்ப நீயும் அவர் கட்சியா?” என்றாள். “அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து எனக்குக் காதுல பூ சுத்துறீங்களா?”

“அண்ணி, நான் என் கண்ணால பாத்தேன்.”

“நான் எட்டு மாசமா என் கண்ணால பாத்துட்டு இருக்கேன். டாக்டர்கிட்ட காட்டட்டும். நடிப்பா இல்லையான்னு அவங்க எழுதிக் கொடுக்கட்டும். இல்லைன்னா நானும் பாப்பாவும் எங்கம்மா வீட்டுக்குப் போறோம். அங்க யாராவது எந்திரிச்சுப் பால் கலக்குவாங்க.”

அலமாரியின் மேலிருந்து பெட்டியும் இறங்கிவிட்டது. அண்ணனுக்கு அதுதான் உறைத்தது. காதைப் பற்றி எத்தனை பேர் சொல்லியும் அசையாதவன், பெட்டியைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டான். “எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுவாங்க, அப்ப பாக்குறேன் உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும்,” என்றான்.

காது பரிசோதனை நிலையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. பரிசோதிக்கிற பெண் சின்னுவின் வயதுதான் இருப்பாள். கனமான கதவுடைய ஒரு சிறிய அறைக்குள் அண்ணனை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். “சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. அவ்வளவுதான்,” என்று சொல்லிக் கதவை அடைத்தாள். வெளியே அவளுடைய கருவிக்கு முன்னால் ஒரு கண்ணாடி. அதன் வழியே அவன் தெரிந்தான். அவன் பொத்தானை அமுக்கினால் கருவியில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

முதலில் கனத்த ஒலிகள். விளக்கு டாண் டாணென்று எரிந்தது. அண்ணி சின்னுவை ஒரு பார்வை பார்த்தாள். ‘என்ன சொன்னேன்?’ என்று கேட்கிற பார்வை. பரிசோதகர் ஒலியை மேலே மேலே கொண்டுபோனாள். விளக்கு அப்போதும் எரிந்தது. கொஞ்சம் யோசித்து எரிந்தது, ஆனாலும் எரிந்தது. அண்ணி பாப்பாவை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, “நான்தான் சொன்னேனே, நடி—” என்று ஆரம்பித்தாள்.

பரிசோதகர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் கருவியில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

சிறிது இடைவெளி. மறுபடி எரிந்தது. மறுபடி இடைவெளி, மறுபடி விளக்கு. ஒரு தாளம் தவறவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, தலையை லேசாக ஆட்டி ஆட்டி, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கவனமாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான்.

“நான் இப்ப எதுவுமே போடலை,” என்றாள் பரிசோதகர் தாழ்ந்த குரலில்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுவிட்டது. பாப்பா அவள் முடியைப் பிடித்து இழுத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பரிசோதகர் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். “சார், நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“கிளப்ல பாட்டுப் போடுறேன்.”

“அதான். தாளம் தப்பாம அமுக்குறீங்க. ஆனா நான் கையை எடுத்து ரொம்ப நேரமாச்சு.”

அவன் பொத்தானைப் பார்த்தான். அதை மெதுவாக நாற்காலியின் கையில் வைத்தான். “மறுபடி பண்ணலாமா? இந்த தடவை ஒழுங்கா பண்றேன்,” என்றான். சின்னுவுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஒழுங்காகப் பண்ணினான். முடிவைக் காட்டும் வரைபடத்தில் கோடு பாதி தூரம் சமமாகப் போய், பிறகு கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கியது. இடது காது இன்னும் மோசம். பரிசோதகர் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். காதுக்குள் இருக்கிற மெல்லிய முடி போன்ற உணர்விழைகள் சத்தத்தில் அடிபட்டுச் சாய்ந்துவிட்டன, உச்ச ஒலிகளைக் கேட்கிறவைதான் முதலில் போகும், போனது திரும்பி முளைக்காது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். பாப்பாவின் அழுகையில் முக்கால்வாசி அவர் காதுக்கு வருவதே இல்லை. நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் மீதியும் இல்லை. போன் அதிர்வது காதால் தெரிவது இல்லை, உடம்பால் தெரிவது.

“அப்ப இது நடிப்பு இல்லையா?” என்றாள் அண்ணி.

“கடைசியில பட்டன் அமுக்கினாரே, அது மட்டும் நடிப்பு,” என்றாள் பரிசோதகர்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பாப்பாவைக் கட்டிலில் விட்டாள். பெட்டியைத் தூக்கி அலமாரியின் மேலே போட்டாள். பிறகு திரும்பி நின்றுகொண்டு அண்ணனை ஒரு பிடி பிடித்தாள்.

“எட்டு மாசம்! என்னை எட்டு மாசம் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

“என்னன்னு சொல்றது?” என்றான் அவனும் குரலை உயர்த்தி. “எனக்குக் கேக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? கேக்காதது கேக்கவே இல்லையே! பாப்பா ராத்திரி சமத்தா தூங்குறான்னு நெனச்சேன்.”

“சமத்தா! கேட்டியா சின்னு? சமத்தா தூங்குதாம்!”

“நீயும்தான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுக்குற. தெளிவா பேசுனு எத்தனை தடவை சொன்னேன்?”

“நான் முணுமுணுக்குறேனா? நான் கத்துற கத்துல மேல் வீட்டுக்காரர் எனக்கு வணக்கம் வைக்கிறதையே விட்டுட்டார்!”

அண்ணியின் கோபத்துக்கு இப்போது போக்கிடம் இல்லாமல் போனதுதான் பெரிய இம்சை. நடிக்கிறவனைத் திட்டலாம். காது போனவனைத் திட்டினால் திட்டிய பிறகு தூக்கம் வராது. ஆனாலும் திட்டினாள். திட்டிவிட்டு, அவன் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, “டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது அவன் சின்னுவிடம் மட்டும் ஒன்றைச் சொன்னான். காதுக்குள் ஒரு விசில் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். பாட்டு ஓடுகிறபோதுதான் அது தெரியாதாம். அதனால்தான் வீட்டிலும் பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தானாம்.

“இதை ஏண்டா முன்னாடியே சொல்லலை?” அவள் அவனை ‘டா’ போட்டது அதுவே முதல் தடவை.

“சொன்னா நீ பஞ்சை எடுத்துட்டு வருவ.”

சின்னு தலையில் அடித்துக்கொண்டாள்.

பஞ்சு அவனுக்கு ஒத்துவரவில்லை என்பது உண்மைதான். போட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பாட்டுக் கேட்பது போல இருக்கிறது என்று பிடுங்கி எறிந்தான். பரிசோதகர் பாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது என்றாள். காதுக்குள் மெழுகு மாதிரி ஒன்றை ஊற்றி அச்சு எடுத்து, அந்தக் காதுக்கென்றே செய்வார்கள். கனத்த ஒலியும் உச்ச ஒலியும் ஒரே அளவில் குறையும். வந்தது. நன்றாகவும் இருந்தது. முதல் நாளே அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனான். சின்னு திரும்பி ஓடிப்போய் எடுத்து வந்தாள். மறுநாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போட்டிருப்பதாகச் சத்தியம் செய்தான். அவள் மேடையேறி அவன் காதைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். கூட்டம் கைதட்டியது.

ஆனால் அடைப்பானால் அவன் மிச்சக் காது பிழைக்குமே தவிர, போன ஒலி எப்படி வரும்? முள் குத்துகிறதா இல்லையா என்று அவனால் சொல்ல முடியாதே. “நீ பார்ல இருந்து கையைக் காட்டு. மேலே காட்டினா ஏத்துறேன், கீழே காட்டினா எறக்குறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்,” என்று கெஞ்சினான்.

“நான் பீர் ஊத்துறதா, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நின்னு உனக்குக் கை காட்டுறதா? போய் மேனேஜர்கிட்ட நேரா சொல்லு.”

போனான். அவள் கூடவே போனாள். மத்தியானம், கதவு திறக்காத நேரம். லைட்காரரும் துடைப்பத்தோடு நின்ற இரண்டு பேரும் இருந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். மேனேஜரின் முகத்தில் ரத்தமே இல்லை.

“அய்யய்யோ. இடிக்குக் காது கேக்கலைன்னு வெளிய தெரிஞ்சா நம்ம மானம் என்னாகுறது? காதும் காதும் வச்ச மாதிரி இருங்க எல்லாரும்.”

“எந்தக் காதை சார் வைக்கச் சொல்றீங்க?” சின்னுவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது. “அவன் காதையா? அது போயாச்சு. என் காதையா? அது இன்னும் கொஞ்சம் இருக்கு, அதை நான் வச்சிருக்கணும். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, இப்ப நிஜமாவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கோம். போதுமா?”

மேனேஜர் உதவிக்கு லைட்காரரைப் பார்த்தார். அவர் கைக்குட்டையைக் காதில் இருந்து உருவிக்கொண்டே, “அந்த ஊசிச் சத்தம் இனிமே வந்தா நான் விளக்கை அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்,” என்றார். துடைப்பத்தோடு நின்ற பெண் தனக்கும் தலைவலிதான் என்றாள். ‘எனக்கும்கூடத் தலைவலிதானோ?’ என்று மேனேஜரே தன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ஒருவழியாக ஏற்பாடு ஆனது. உச்ச ஒலியை லைட்காரர் கேட்டு வைப்பார். குமிழில் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டி, அதைத் தாண்டி யாரும் திருகக்கூடாது. இடி நடுநடுவே இறங்கிக் கொஞ்ச நேரம் முற்றத்தில் உட்கார வேண்டும். பாரில் ஒரு கிண்ணம் நிறையப் பஞ்சு அடைப்பான் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கிண்ணம் சின்னுவின் யோசனை. அதனால் அதன் பாவமும் அவளுக்கே வந்து சேர்ந்தது. ஆரஞ்சும் பச்சையுமாகப் பளபளவென்று இருந்ததைப் பார்த்து மிட்டாய் என்று நினைத்து ஒருவர் வாயில் போட்டு மென்றார். மென்றுவிட்டு, இனிப்பே இல்லையே என்று குறையும் சொன்னார். ‘காதுக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டினாள். அப்புறமும் இன்னொருவர் மென்றார். இருட்டில் எழுத்துத் தெரியவில்லையாம்.

வீட்டில் அண்ணி பாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கருவி வாங்கி வைத்தாள். பாப்பா அழுதால் அது அண்ணனின் தலையணையை அதிர வைக்கும். முதல் முறை அவன் அலறியடித்துக்கொண்டு எழுந்ததில் பாப்பா பயந்து இன்னும் பலமாக அழுதாளாம். ஆனால் பால் அவன்தான் கலக்கினான். பவுடர் கட்டி கட்டியாக இருந்தது என்று அண்ணி குறைப்பட்டாள். அந்தக் குறையைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்துதான் இருந்தது.

இதெல்லாம் நடந்து சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் நெரிந்தது. இடி இடைவேளைக்கு இறங்கி வந்து, பாரின் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். லைட்காரர் ஏதோ ஒரு பாட்டைத் தானாக ஓட விட்டிருந்தார். சட்டென்று இடி சின்னுவின் தோளைத் தட்டினான். மேடையின் இடது பக்கம், ஸ்பீக்கர் அடுக்கின் மேல் சாய்ந்து, காதை அதன் கம்பி வலையிலேயே ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள்.

“அங்க பாரு! அறிவு இருக்கா அந்தப் பொண்ணுக்கு?” என்றான்.

சின்னு பதில் சொல்வதற்குள் கிண்ணத்தில் கைவிட்டு இரண்டை அள்ளிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டான். தூரத்தில் இருந்தே எல்லாம் தெரிந்தது. அவன் அவள் தோளைத் தொட்டான். ஸ்பீக்கரைக் காட்டினான், காதைக் காட்டினான், தள்ளிப் போ என்று கையை வீசினான். அவள் ‘என்ன?’ என்றாள். அவன் கத்தினான். அவள் சிரித்து, பாட்டு நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, இன்னும் நெருக்கமாகச் சாய்ந்துகொண்டாள். அவன் அடைப்பானை நீட்டினான். அவள் தலையை ஆட்டி, மிட்டாய் வேண்டாம் என்றாள்.

திரும்பி வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது.

“தொண்டை கிழிய சொல்றேன், ஒரு வார்த்தை காதுல வாங்குறாளா பாரு! நல்லதுக்குச் சொன்னா கேக்கவே கூடாதுன்னு ஒரு வைராக்கியமா இந்த ஜனத்துக்கு? என்ன ஜென்மங்களோ!”

சின்னு கையில் இருந்த குவளையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி பாக்குற?”

“ஒண்ணுமில்லை. நீ சொல்லு.”

அவன் விறுவிறுவென்று மேடையேறினான். பாட்டை அப்படியே நடுவில் நிறுத்தினான். கூட்டம் ஊளையிட்டது. மேனேஜர் எங்கிருந்தோ ஓடி வந்தார். இடி எதையும் கண்டுகொள்ளாமல் மைக்கை எடுத்து, “அந்த இடது பக்கத்து ஸ்பீக்கர்ல சாஞ்சிருக்குற அம்மா, நீங்க தள்ளி நிக்குற வரைக்கும் அடுத்த பாட்டு கிடையாது” என்று அறிவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.